சாமியார் வரிசை

முதலில் இரைச்சல்தான் வந்தது. ஊம்ம் என்று ஒரே ஸ்தாயியில், மூச்சே விடாமல், சுவருக்குள் இறங்கி அங்கிருந்து பெஞ்சுக்கு வந்து எத்திராஜின் பின்மண்டையில் ஏறியது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, இது கம்ப்ரஸர் இல்லை, வெறும் காற்றாடி, பேரிங்கும் நல்ல பேரிங். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி ராத்திரியாக மெஷின் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு அதைக்கூடச் சொல்லத் தெரியாவிட்டால் எப்படி. இந்தச் சத்தம் கிளம்பினால் உள்ளே மோகனா உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். காற்றடிக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டு, தட்டின் மூடியைத் திறந்து, சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டாள். சாப்பாடு என்றுதான் சொல்வாள். 'இருங்க, அதுங்களுக்கு சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன், அப்புறம் ஊசி ரூமுக்குப் போலாம்.' அதுங்களுக்கு முதலில், அப்புறம்தான் கட்டின புருஷனுக்கு ஊசி. அவன் கண்ணைத் திறந்தான். மெடிக்கல் காலேஜின் ஆராய்ச்சிக் கட்டடம், மூன்றாவது மாடி, நீள நடை, டியூப்லைட் பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. மடியில் ஃப்ளாஸ்க். ஷிப்டு முடிந்து வரும்போது ஃபேக்டரியிலிருந்து உடைத்துப் போட்டுக்கொண்டு வந்த ஐஸ், அதற்கு நடுவில் பாலிதீன் பையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசிமருந்து. இன்றைக்குப் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அதை அவள் வெளியே வந்ததும் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது என்பதைத்தான் பஸ்ஸில் ராயபுரம் தாண்டியதிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறான். வேண்டாம் மோகனா. வேண்டாம் என்றால் வேண்டாம். நான் என்ன கேக்கறேன், ஒரு மூணு மாசம். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் கெஞ்சுவதுபோலவே வந்து நின்றது.

ஊசி என்ன செய்கிறது என்பது அவனுக்குத் தெரியாததா. எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் ராத்திரி வேலைக்காரனுக்குப் படிக்க நேரத்துக்கா பஞ்சம், நடைபாதைக் கடையில் அட்டை போன உடற்கூறு புத்தகங்களாக வாங்கி வந்து அம்மோனியா மீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி, மூத்திரப்பைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவு. உடம்பில் மற்ற எல்லாம் சர்க்கரையைக் கடைசிவரை எரித்துச் சூடாக்கிக்கொள்ளுமாம், இது ஒன்று மட்டும் பாதியில் நிறுத்தி, எரிக்க வேண்டியதை எரிக்காமல் வெளியே கொட்டிவிடுமாம், ஊதாரி. ஆண் ஹார்மோன் சொல்கிறபடி ஆடுமாம். அதில் புற்று வந்துவிட்டால் ஊதாரி திடீரென்று கஞ்சனாகிவிடும், இத்தனை நாள் கொட்டினதையெல்லாம் தானே எரித்துக்கொண்டு பெருக்கும். அதனால் ஹார்மோனை ஊற்றிலேயே அடைத்துவிடுவது. வேரில் தண்ணீர் ஊற்றாதே, மரம் வாடும். மரத்தோடு சேர்ந்து தோட்டமும் வாடும் என்பதைத்தான் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. முதல் ஊசிக்கப்புறம் மாடிப்படியில் கால் கனத்தது. இடுப்பில் சதை போட்டது, மார்பில்கூட. அப்புறம் அந்தச் சூடு. ஐஸ் கட்டிகள் அடுக்கின ரூமில், வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், அடிவயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை எல்லாம் வேர்த்து ஊற்றும். ஐஸ் நொறுக்கும் டில்லிபாபு ஒருநாள் பார்த்துவிட்டான். 'இன்னா எத்திராஜண்ணே, ஐஸ் ரூம்ல நிக்க சொல்லோ வேர்க்குது உனுக்கு? மாசமா கீறியா? புளிமாங்கா வாங்கியாரட்டா?' எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். 'வாங்கியா, உப்பு மொளகாத்தூளோட' என்றான். பிறகு கம்ப்ரஸர் ரூமுக்குள் போய் வெகுநேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் அசையவில்லை. தன்னுடைய முள்ளும் அப்படித்தான் என்று தோன்றியது. மோகனா பக்கத்தில் படுத்திருப்பாள், தலையில் வேப்பெண்ணெய் வாசனையும் அதற்கடியில் அவள் வாசனையும் வரும், வாசனை என்று தெரியும், அவ்வளவுதான், தெரிவதோடு சரி. பசியில்லாதவன் சோற்றுப் பானையைப் பார்ப்பதுபோல. பசி இல்லாமல் போனதுகூடப் பரவாயில்லை. பசி இல்லாதவனுக்குப் பொறாமை மட்டும் எப்படி மிச்சம் இருக்கும்? ஹார்மோனோடு சேர்ந்து இதுவும் போயிருக்க வேண்டாமா? எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் போடவில்லை.

யார்மேல் பொறாமை என்று கேட்டால் வெட்கக்கேடு. ஒரு தட்டின்மேல். பணியாரச் சட்டி மாதிரிக் குழிகுழியாக, கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் தட்டு, ஒருமுறை மோகனா போனில் படம் காட்டினாள். குழிக்கொரு துணுக்கு, அரிசி நொய் அளவு சதை, ஆபரேஷனில் எடுத்த புராஸ்டேட். அதை ரோஸ் கலர்த் தண்ணீரில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, உடம்புக்குள்ளேயே இருப்பதாக நம்பவைத்து வளர்க்கிறார்கள். ஒரு வரிசைக்கு ஹார்மோன் சேர்த்த தண்ணீர். இன்னொரு வரிசைக்கு ஹார்மோனே இல்லாத தண்ணீர், அதற்கென்று சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிநீரில், கரித்தூளைப் போட்டுக் குலுக்கி ஹார்மோன் முழுவதையும் கரி குடித்துவிட்டபிறகு வடித்து எடுப்பார்களாம். எந்தத் துணுக்கு எவ்வளவு சர்க்கரை தின்கிறது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது, அதுதான் ஆராய்ச்சி. 'ஹார்மோன் குடுத்தது கபகபன்னு தின்னும்ங்க, புளிச்சுப்போய் ரோஸ் தண்ணி மஞ்சளாயிடும், அதப் பார்த்துதான் எனக்குத் தெரியும், ஐயோ புள்ளைக்குப் பசின்னு.' புள்ளைக்கு. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். தன்னை அடைத்து வைத்திருக்கிற அதே மருந்தின் எதிர்மருந்தை இவள் தினம் துளித்துளியாக எடுத்து யாரோ ஒருவனுடைய நொய்க்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோ ஒருவன்தானா? ஆபரேஷன் அன்றைக்கு அவனும் கையெழுத்துப் போட்டான், சுரண்டி எடுப்பதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. நைட்ரஜனில் உறைய வைத்து, வேண்டும்போது எடுத்து எழுப்புவார்களாம். ஐஸ்காரன் உடம்பும் ஐஸுக்குத்தான் போயிருக்கிறது. அப்படியானால் அந்தத் தட்டில் ஒரு குழியில் எத்திராஜே இருக்கலாம். கபகபவென்று தின்கிற எத்திராஜ், மூச்சு வாங்குகிற எத்திராஜ், அவள் குனிந்து பசிக்குதா என்று கேட்கிற எத்திராஜ். வெளியே பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு இருப்பது கரியில் வடித்தது. இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அந்தச் சூடும் கிளம்பிவிட்டது, முன்கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். தட்டின்மேல் பொறாமைப்படுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். ஆனால் தட்டு மட்டும் என்றால்தான் பரவாயில்லையே. போன வாரம் போனில் பேசினாளே, அது தட்டா?

அன்றைக்குக் காலையில் அவன் தூங்குவதாகத்தான் அவள் நினைத்தாள். அடுப்பில் குக்கர், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மறுமுனையில் அந்த ஜெயசீலன், அவளுடைய சார், டாக்டர் பட்டம் வாங்கி வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், முப்பத்தைந்துகூட இருக்காது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு வாட்ச். 'சாமியாரா?' என்றாள் மோகனா, அதற்கப்புறம் ஒரு சிரிப்பு, கல்யாணமான புதிதில் அவனுக்கென்று வைத்திருந்த சிரிப்பு, அதை இத்தனை வருஷம் கழித்து அடுப்படியில் இன்னொருத்தனுக்காக எடுத்திருக்கிறாள். 'அது எப்பவும் போலத்தான் சார். போட்டது போட்டபடி கெடக்கு.' குக்கர் விசிலடித்ததில் மிச்சம் கேட்கவில்லை. கேட்ட வரைக்கும் போதும். சாமியார் யார் என்று புரிய மூளை வேண்டுமா. எல்லாவற்றையும் துறந்தவன், துறந்தவன்கூட இல்லை, துறக்க வைக்கப்பட்டவன், காலையில் வந்து போட்டது போட்டபடி கிடக்கிறவன். சாமியார்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு மரியாதை இருக்கிறது. அந்த 'அது'தான் நெஞ்சில் மாட்டிய முள். கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லாமல் 'அவர்' என்று சொல்லி வந்தவள். வீட்டுக்காரர், அவர், இவங்க. சண்டையில்கூட 'உங்கள' என்றுதான் திட்டுவாள். அது. நாய் அது, நாற்காலி அது. ஊசி உயிரை மட்டும் விட்டுவைத்து உயர்திணையைப் பிடுங்கிவிட்டது. ஒரு வாரமாக இந்த 'அது' அவனோடு பஸ்ஸில் ஏறியது, மோட்டார் சத்தத்தில் அது அது அது என்று ஓடியது, சோற்றில் கல்லாகக் கடிபட்டது. இரு, இப்போதுகூட அதேதான், உள்ளே காற்றாடி, கேள், அது அது அது.

படிக்கட்டில் ஷூ சத்தம். ஜெயசீலனேதான். 'அட, சார்! குட்மார்னிங். என்ன, சுகர் டெஸ்ட்டா?' என்றான். சுகர்? எத்திராஜ் ஒரு கணம் விழித்து, 'ஆமா சார்' என்று எழுந்துவிட்டான், எழுந்திருக்க வேண்டாமென்று ஒரு வாரமாகத் தீர்மானம் பண்ணியிருந்தும். 'உக்காருங்க, உக்காருங்க. உள்ளாற விட முடியாது சார், சாரி, தும்முனா போச்சு, ஆறு மாச வேலை.' கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனான். என் பொண்டாட்டி இருக்கிற ரூமுக்குள் நான் போகக்கூடாது, இவன் தோளால் தள்ளிக்கொண்டு போகலாம். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. எத்திராஜ் பார்க்கக்கூடாது என்று உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் எழுந்து போய்ப் பார்த்தான். தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் மோகனாவின் கண் மட்டும், மை வைத்திருக்கிறாள், வேலைக்கு வரும்போது மை. தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். குனிந்தபடியே என்னவோ சொன்னாள். பிறகு நகர்ந்தாள். ஜெயசீலன் அவள் கண்ணை வைத்த அதே இடத்தில் தன் கண்ணை வைத்தான். அந்த ரப்பர் வளையத்தில் அவள் சூடு இன்னும் இருக்கும். அவள் இமை மயிர்கூட இருக்கும். ஒருத்தி பார்த்ததை அவள் பார்த்த இடத்திலிருந்தே பார்ப்பது என்றால் அதைவிட நெருக்கம் என்ன இருக்கிறது, இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் ஒருநாளாவது அவள் கண் வைத்த இடத்தில் கண் வைத்தேனா? அவன் நிமிராமலே விரலால் எதையோ காட்ட, அவள் தலையாட்டினாள். காற்றாடி நின்றது. திடீரென்று வந்த அமைதியில் கதவிடுக்கு வழியாகப் பேச்சு தெளிவாகவே வந்தது.

'மேடம், சாமியார் விஷயத்தை முடிச்சிடுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு வச்சுக்கிட்டு அவஸ்தைப்படுவீங்க? பேசாம தலை முழுகிடுங்க.'

'பாவம் சார். இருந்துட்டுப் போவட்டும். நான் பார்த்துக்கறேன்.'

'உங்களுக்கு இளகின மனசு மேடம்.'

பெஞ்சுக்கு எப்படித் திரும்பி வந்தான் என்று தெரியவில்லை. தலை முழுகு என்று சொல்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அவனுக்குக் கோபம் வரவேண்டும், ஊசிக்கு முன்னாலிருந்த எத்திராஜாக இருந்தால் கதவை உதைத்திருப்பான், மீன்பிடித் துறைமுகத்தில் ஒருத்தனை மீன் பெட்டியோடு சேர்த்துத் தூக்கியவன். இப்போது வந்தது கோபமில்லை, காலில் ஒரு கனம். பாவம் என்றாளே. தலை முழுகுகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட ஓர் ஆளாக நின்றிருக்கலாம். பாவம், இருந்துட்டுப் போவட்டும். ஊசி வேண்டாம். நிச்சயமாக வேண்டாம். புற்று பெருகினால் பெருகட்டும், பெருகுவதற்கு முன்னால் ஒரு மூன்று மாதம், ஒரு மாதம், ஒரே ஒரு நாள் மஞ்சளாகிவிட்டுப் போகிறேன். ஜெயசீலன் வெளியே வந்து, 'வரேன் சார்' என்று போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். அவன் பின்னாலேயே மோகனா ஒரு ட்ரேயில் காலி டப்பாக்களையும், பை நிறைய சின்னச்சின்ன பிளாஸ்டிக் முனைகளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மருந்து உறிஞ்சும் குழாயின் நுனியில் மாட்டுகிற முனைகள், ஒரு தடவைக்கு ஒன்று, டப்பாவின் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகச் செருகி அடுக்கி ஆவியில் வேகவைக்க வேண்டும். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்க்கை முகவாய்க்கு இறக்கினாள். மூக்கின்மேல் மாஸ்க் பதிந்த கோடு.

'இத அடுக்கிட்டு ஆட்டோகிளேவ்ல போட்டுட்டா கெளம்பிடலாம். டீ குடிச்சீங்களா?'

'தலை முழுகிடேன்.'

'என்னது?'

'உங்க சார்தான் சொல்றாரே. சாமியார எத்தினி நாளைக்குக் கட்டிக்கினு அழுவ. தலை முழுகிடு.'

மோகனா அவனைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, கிளவுஸ் போட்ட புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். 'ஐயய்ய. அது வரிசைங்க! தட்டுல வரிசை. ஹார்மோன் ஊத்தறது மாப்பிள்ளை வரிசை, விருந்து சாப்பிடுது இல்ல. கரி போட்டு வடிச்சத ஊத்தறது சாமியார் வரிசை. நம்பர் சொன்னா குழம்புதுன்னு நாங்க அப்படித்தான் சொல்லுவோம். இந்தத் தட்டு சாமியார அளந்து முடிச்சாச்சு, அதக் கொட்டிட்டு புதுசு போடலாம்ங்கறாரு சாரு. நான்தான்...' அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு பாதியில் நின்றது. 'நீங்க என்னான்னு நெனச்சீங்க?'

எத்திராஜுக்கு, ஒரு வாரமாகச் சுமந்த மூட்டையை யாரோ பிரித்துக் காட்டி உள்ளே தவிடு என்றதுபோல இருந்தது. நிம்மதிதான் வரவேண்டும். வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் வந்தது.

'பேரு யாரு வெச்சது?'

'எந்தப் பேரு?'

'சாமியாரு.'

அவள் ஒரு முனையைச் செருகினாள். இன்னொன்றைச் செருகினாள். 'நான்தான்.'

'எப்ப?'

டப்பாவைத் திருப்பி வைத்துக்கொண்டாள். 'உங்களுக்கு ரெண்டாவது ஊசி போட்டப்புறம்.'

'ஓகோ.'

'நெனச்சு வெக்கலைங்க. சத்தியமா. ஒருநாள் வாயில வந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அப்படியே நின்னுடுச்சு. வீட்டுக்குப் போற பஸ்லதான் எனக்கே ஒறச்சுது. அடுத்த நாள் மாத்தலாம்னா, ஏன் மாத்தறீங்கன்னு கேட்டா என்னா சொல்றது?'

'உன் சாருக்குத் தெரியுமா?'

'எது?'

'என் ஊசி.'

'யார்கிட்டயும் சொல்லல. வீட்டுக்காரருக்கு சுகருன்னுதான் சொல்லியிருக்கேன்.'

சுகர். அதுதானா. தன்னை மறைத்து வைத்திருக்கிறாள். அவமானத்துக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்கப் போய் அவன் மனசு வழுக்கியது. எப்படியும் சொல்லிவிட வேண்டும், இப்போது சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் கால் தானாகவே ஊசி ரூமுக்கு நடந்துவிடும். 'ஊசி வேணாம் மோகனா' என்றான். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. 'ஒரு மூணு மாசம் வுட்டுப் பார்க்கறேன். நான் நானா இருந்து பார்க்கறேன்.'

அவள் கை நின்றது. அழுவாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்று நினைத்தான். அவள் கதவையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள். 'மாப்பிள்ளை வரிசையில ஒரு துண்டு. ஓரத்துல முளை கட்டினாப்பல பரவ ஆரம்பிச்சிருக்கு. அதத்தான் இப்ப சாருக்குக் காட்டினேன். அவருக்கு சந்தோஷம், போட்டோ எடுத்துக்கிட்டாரு. எனக்குக் கை ஓடலைங்க. நம்பரையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நம்பர்ல யாருன்னு எழுதியா இருக்கு? யாரா வேணா இருக்கலாம். நீங்களா இருக்கலாம்.' மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். 'தெனம் நான்தான் ஊத்தறேன். பசிக்குதுன்னு பார்த்துப் பார்த்து, என் கையாலயே ஊத்தறேன். ஊத்திட்டு வந்து உங்களுக்குச் சோறு போடறேன். அந்தச் சாமியார் வரிசையக் கொட்டிட்டா தட்டுல பரவறது மட்டுந்தான் மிச்சம் இருக்கும். அதனாலதான் இருக்கட்டும்னேன். வேற ஒரு புண்ணாக்கும் இல்ல.'

நடையில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். எத்திராஜ் அவள் கையைப் பார்த்தான். கிளவுஸுக்குள் விரல் நுனிகள் வேர்த்து ஊறி வெளுத்திருந்தன, நாளெல்லாம் தண்ணீரில் துணி துவைத்தவள் விரல் மாதிரி. அந்தக் கைக்காகத்தான் அந்தக் குழிக்குள் இருப்பவன்மேல் ஒரு வாரமாக எரிந்தான். அவன் தின்கிறான், பரவுகிறான், அவளைப் பயமுறுத்துகிறான், அதற்குக்கூட அவனுக்குத்தான் கொடுத்து வைத்திருக்கிறது. என்னைப் பார்த்து இவளுக்குப் பயம் வந்து எத்தனை நாளாயிற்று? சே, என்ன நினைப்பு இது. பயப்படுவது எனக்காக அல்லவா. எனக்காகத்தானா என்று ஒரு மூலை உடனே கேட்டது. ஆமாம் என்று சொல்லி அதன் வாயை மூட முடியவில்லை, மூடாமலே விட்டான்.

'உன் சாரு' என்றான், 'இப்படிப் பக்கத்துல குந்திக்கினு அடுக்கித் தருவாரா?'

'யாரு, அவரா?' மோகனா தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'நல்லா அடுக்குவாரே. ஒரு வரிசை முடியறதுக்குள்ள போன் வந்துடும். வெச்சதும் கோணல், நான்தான் திரும்ப எடுத்து வெப்பேன்.'

அது அவனுக்கு நன்றாக இருந்தது. இவ்வளவு அற்பமான சங்கதி இவ்வளவு நன்றாக இருப்பதில் வெட்கம்கூட வரவில்லை.

'ஊசி ரூம் எதுவரைக்கும் தொறந்திருக்கும்?'

அவள் அவனைப் பார்க்கவில்லை. 'ஒரு மணி வரைக்கும் சிஸ்டர் இருப்பாங்க' என்றாள்.

'அப்ப இத முடிச்சிட்டே போலாம். இன்னொரு கிளவுஸ் குடு.'

அவள் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவனுக்குச் சின்னது, விரலிடுக்குவரை இறங்கவில்லை. இழுத்து மாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு முனையை எடுத்து, டப்பாவின் காலி ஓட்டையில் நேராக வைத்து அழுத்தினான். அவளும் விட்ட இடத்திலிருந்து அடுத்ததைச் செருகினாள்.